சோறு போடும் இடம் மட்டுமா?

கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய், கடல் கடந்த மண்ணில் வியர்வை சிந்திப் பொருள் சேர்த்தவர்களின் ஊர் அது. அந்தப் பொருளால் எழும்பிய மாடிவீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அந்த வீடுகளின் நிழல் முடிகிற இடத்தில் வயல் தொடங்குகிறது. வயலிலே நாற்றுப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். நடவு நடுபவர்கள் இருக்கிறார்கள். களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

காலை எட்டரை மணி. மஞ்சள் வண்டி ஒன்று வந்து நிற்கிறது. கழுத்திலே பட்டையும் காலிலே சப்பாத்தும் அணிந்த மூன்று வயதுக் குழந்தை அதில் ஏறி ஆங்கில மழலையர் பள்ளிக்குப் போகிறது. அதே நேரத்தில் நடவுக்குப் போகும் தாய் ஒருத்தி, இடுப்பில் சுமந்து வந்த பிள்ளையை அங்கன்வாடி வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறாள். அவளுடைய பாட்டி காலத்தில் அந்த வாசலும் இல்லை. வரப்போரத்து மரக்கிளையில் பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, அது அழும் குரலைக் கேட்டுக்கொண்டே நட்டாள் அந்தப் பாட்டி.

இரண்டு குழந்தைகளுக்கும் வயது மூன்றுதான். ஒன்று 'படிக்கப் போகிறது' என்கிறோம். மற்றொன்று 'சோறு தின்னப் போகிறது' என்கிறோம். இப்படிச் சொல்பவர்கள் யார்? மாடிவீட்டுக்காரர்களா? இல்லை, தோழர்களே! நாமேதான் சொல்கிறோம். உழைக்கிறவனே தன் பிள்ளை போகும் பள்ளியைப் பள்ளி என்று மதிக்காவிட்டால், ஊரான் எப்படி மதிப்பான்? அரசாங்கம் எப்படி மதிக்கும்?

அங்கன்வாடி ஒரு பள்ளிக்கூடம். அதிலே பணிபுரிபவர் ஓர் ஆசிரியை. இதை ஏற்றுக்கொண்டால் அவருக்குத் தரவேண்டிய பயிற்சி, துணையாள், ஊதியம், மரியாதை ஆகிய நான்கையும் நாம் கேட்டே தீரவேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சோற்றின் வரலாறு

சோற்றை நாம் இழிவாகப் பேசவில்லை. 1920ஆம் ஆண்டிலே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு பகல் உணவுத் திட்டம் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்கு வராத சின்னஞ்சிறு குழந்தைகளின் தட்டுவரை சோற்றைக் கொண்டு சேர்த்தது. வெறும் வயிற்றோடு வரும் குழந்தைக்கு எந்தப் பாடமும் ஏறாது. சோறு பாடத்தின் முதல் அத்தியாயம். ஆனால் முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடலாமா?

நாடு முழுவதற்குமாக 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. துணையுணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்புதல், தாய்மார்களுக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு பணிகள் அதற்கு வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 54,439 மையங்கள் என்று கணக்கு வளர்ந்தது. ஆறு பணிகளில் ஐந்தை ஊர் அறியும். ஆறாவதான முன்பருவக் கல்வி மட்டும் பலருடைய கண்ணுக்குப் படுவதே இல்லை.

உழைப்பாளிக்காகப் பிறந்த கல்வி

மழலைக் கல்வி என்றால் பணக்காரர் வீட்டு ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அதன் பிறப்பை அறியாதவர்கள். ஸ்காட்லாந்தின் நியூ லானர்க் பஞ்சாலை ஊரில், 1816ஆம் ஆண்டு ராபர்ட் ஓவன் தம் ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஒரு மழலைப் பள்ளி திறந்தார். ஆசிரியராக அமர்த்தியது யாரை? பெரும் பட்டதாரிகளையா? ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியையும், மாலி யங் என்ற பதினேழு வயதுப் பெண்ணையும்! அவர்களுக்கு ஓவன் இட்ட முதல் கட்டளை, எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை அடிக்கக் கூடாது, சொல்லாலும் மிரட்டக் கூடாது என்பதே. இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கட்டளை இன்றும் நம் வீடுகளில் நுழைந்தபாடில்லை.

1907ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரத்து சான் லொரன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைக் கொண்டு மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். அதே அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளிடம் பிறந்த முறை இன்று பெருநகரங்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையாகத் தொங்குகிறது. இது என்ன விந்தை!

மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் ஆதிவாசிக் குழந்தைகளிடையே பாடுபட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியவில்லையா? பள்ளி அவர்களுடைய முற்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். 'அங்கன்' என்றால் முற்றம். மாடு மேய்க்கும் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் வெளிக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். கடையில் வாங்கிய கருவிகளை நம்பியிராமல், அங்கே கிடைத்த விதை, இலை, கிளிஞ்சல் ஆகியவற்றையே பாடக் கருவிகளாக்கினார்கள். அங்கன்வாடி என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

விரல் வேர் பிடிக்கிறது

நல்ல பாடம் எப்படி இருக்கும்? கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் நாம் கேட்ட ஓர் உரையாடலைச் சொல்கிறோம். ஒரு விவசாயத் தொழிலாளத் தோழர் டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"டீச்சர், பய இங்க வந்து ஆறு மாசமாச்சு. இன்னும் அ, ஆ எழுதல. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏபிசிடி ஒப்பிக்குது. இவன் களிமண்ணப் பெசஞ்சுக்கிட்டே இருக்கான்."

"அண்ணே, நாத்தங்கால்ல விதை விட்ட மறுநாளே பயிரப் பறிச்சு வயல்ல நட்டுடுவீங்களா?"

"அதெப்படி டீச்சர்? வேர் புடிக்க வேணாமா? இருவது, இருவத்தஞ்சு நாளாவது ஆகணும்ல?"

"அதே கணக்குதாண்ணே. இப்ப இவனுக்கு விரல் வேர் புடிக்குது."

எவ்வளவு பெரிய உண்மை! மூன்று வயதுப் பிள்ளையின் விரலும் மணிக்கட்டும் எழுதுகோலைத் தாங்கும் வலுவைப் பெற்றிருக்கவில்லை. களிமண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதத்தைக் கிழித்து ஒட்டுவதும் அந்த வலுவைத் தருகின்றன. அதற்கு முன்னே பலப்பத்தைத் திணித்தால் எழுத்தும் வராது; எழுத்தின்மேல் வெறுப்புதான் வரும்.

எண்ணும் அப்படித்தான். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதற்குக் கிளியே போதும். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டு, ஐந்து குழிக்கு ஐந்து கொட்டை என்று கைக்குத் தெரிந்த பிள்ளைதான் எண் அறிந்த பிள்ளை. நம் பாட்டிமார் திண்ணையில் ஆடிய ஆட்டம் முதல்தரமான கணிதப் பாடம்.

பேச்சுப் பாடம் இன்னும் முக்கியமானது. "இது என்ன?" என்று கேட்டால் "கொக்கு" என்ற ஒரு சொல்லோடு பிள்ளை நிறுத்திக்கொள்ளும். "கொக்கு ஏன் ஒத்தக்கால்ல நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், அது தானாக ஒரு கதை கட்டும். அந்தக் கதையில் தவறு இருக்கட்டும், பேச்சு வளர்கிறதல்லவா? ஒரே கதையைப் பத்துமுறை கேட்டாலும் குழந்தை சலிப்பதில்லை. மூன்றாம் முறை சொல்லும்போது பாதியில் நிறுத்தி, "அப்புறம்?" என்று பிள்ளையைச் சொல்லவைப்பது தேர்ந்த ஆசிரியையின் உத்தி. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று வகுத்த 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் ஆட்டம், பாட்டு, கதை வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது.

இன்னொரு கடமை கவனிப்பது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஐயப்பட வேண்டும். படத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கும் குழந்தைக்குக் கண்ணைச் சோதிக்க வேண்டும். எடை ஏறாத குழந்தையை அட்டையில் குறித்ததோடு விடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 2013ஆம் ஆண்டு வந்த குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். வந்ததா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

அதற்கெல்லாம் மேலே பாதுகாப்பு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளை இந்தக் காவிரி மண் மறக்காது. அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்தில் பற்றிய தீ பள்ளிக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அடுப்பு தனியே இருக்கிறதா? வெளியேற வழி அடைபடாமல் இருக்கிறதா? ஆறும் வாய்க்காலும் குளமும் நிறைந்த நம் பகுதியில் மையத்துக்குச் சுற்றுச்சுவரும் கதவும் உண்டா? கவிதை எழுதிக் கண்ணீர் விடுவதைவிட இந்தக் கேள்விகளைக் கேட்பது மேல்.

மூன்று நாள் போதுமா?

இவ்வளவும் ஒருவருக்குப் பிறவியிலேயே வந்துவிடுமா? பயிற்சி வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடும் பயிற்சியும் போதாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பயிற்சி வேண்டும். ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு மே மாதம் 'போஷணும் படிப்பும்' என்ற பொருள்படும் பெயரோடு அங்கன்வாடிப் பணியாளருக்கான பயிற்சியை அறிவித்தது. 2024இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 'நவசேதனா' என்றும், மூன்று முதல் ஆறு வயது வரைக்கும் 'ஆதார்சிலா' என்றும் பாட வழிகாட்டிகளை வெளியிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பணியாளருக்கு ஒரு சுற்றில் கிடைப்பது மூன்று நாள் பயிற்சி! தொடக்கப் பள்ளி ஆசிரியராக இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாண்டு படித்த ஆசிரியர். நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள். சின்னப் பிள்ளைக்குச் சின்னப் பயிற்சி போதும் என்பதா கணக்கு?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளைப் பற்றி இங்கே நாம் வாதாட வரவில்லை. எழுதியவர்களே எழுதியதை நிறைவேற்றட்டும் என்கிறோம். அந்தப் படிப்பையும் மையத்தை நடத்திக்கொண்டே இரவில் கைப்பேசியில் படித்து முடி என்று தலையில் கட்டாமல், பணிநேரத்திலேயே, பயணப்படியோடு கொடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு கைகள்

பயிற்சி கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. அந்த அம்மையாருக்கு நேரம் எங்கே இருக்கிறது? பிள்ளைகளை அழைத்து வரவேண்டும். கருவுற்ற தாயைப் பார்க்க வேண்டும். சத்துமாவு வழங்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். 2021 முதல் 'போஷன் டிராக்கர்' என்னும் கைப்பேசிச் செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் படம்பிடித்துச் சரிபார்க்க வேண்டும். அலைவரிசை வராவிட்டால் தாய்க்கும் கோபம், மேலதிகாரிக்கும் கோபம். பாட்டுக் கேட்கக் காத்திருக்கும் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு மருந்து உண்டா? உண்டு என்பதைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், கனிமியன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நம் மாநிலத்தின் 640 அங்கன்வாடி மையங்களில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. அவற்றுள் 320 மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணிபுரியும் ஓர் உதவியாளரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. பதினெட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். இன்னொரு பயனும் கிடைத்தது. பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் உடல்நலப் பணிக்கு நேரம் கிடைத்து, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. போட்ட செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு பயன் திரும்பும் என்று அந்த அறிஞர்கள் தோராயமாகக் கணக்கிட்டார்கள். எந்த வட்டிக்கடைக்காரனுக்கு இந்த லாபம் கிடைக்கும்? ஆகவே மையத்துக்கு இன்னும் இரண்டு கைகள் கொடுங்கள் என்று நாம் கேட்பது தானமல்ல, முதலீடு.

நம் அரசு ஒருமுறை முயன்றதுண்டு. 2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022இல் அவை நிறுத்தப்படும் என்ற செய்தி வந்ததும் மக்கள் குரல் எழுப்பினார்கள், வகுப்புகள் நீடித்தன. பிறகு சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். இதிலிருந்து இரண்டு பாடம் கற்கலாம். மக்கள் கேட்டால் வகுப்பு பிழைக்கும். மக்கள் தொடர்ந்து கேட்காவிட்டால் ஆசிரியையின் வயிறு பிழைக்காது.

'மதிப்பூதியம்' என்ற மதிப்பில்லாச் சொல்

தொழிலாளத் தோழர்களுக்குக் கூலியின் கணக்கை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு 2018ஆம் ஆண்டு ஒன்றிய அரசு நிர்ணயித்த மாதத் தொகை 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்குமேல் மாநிலங்கள் தம்மால் இயன்றதைச் சேர்க்கின்றன. அந்தத் தொகைக்குப் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம்! பெயரிலே மதிப்பு, கையிலே எங்கே மதிப்பு?

2006ஆம் ஆண்டு இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரல் 25ஆம் நாள், பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும் சுட்டி, சட்டப்படியான கடமையை இவர்கள் செய்கிறார்கள் என்று எடுத்துரைத்தது. ஆனால் அந்தப் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி உரிமை. ஆறுக்குக் கீழே அரசாங்கம் ஏற்பாடு 'செய்யலாம்'. மூளை மிக வேகமாக வளரும் வயதை 'லாம்' என்ற ஒரு விகுதியில் தொங்கவிட்டிருக்கிறார்கள்!

நாம் செய்யவேண்டியது

அரசாங்கத்தைக் கேட்பது ஒரு பாதி. மறு பாதி நம் கையில் இருக்கிறது.

முதலாவது, நம் பிள்ளையை நாளும் காலத்தோடு அனுப்புவோம். சோற்று நேரத்துக்கு மட்டும் கொண்டுபோய் விடும் வழக்கத்தை விடுவோம்.

இரண்டாவது, "என்ன எழுதினே?" என்று பிள்ளையைக் கேட்காமல், "இன்னிக்கு என்ன கதை? என்ன பாட்டு?" என்று கேட்போம். வேலை முடிந்து வந்து கால்மணி நேரம் அதன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது தகப்பனுக்கும் கடமை.

மூன்றாவது, கிளைத் தோழர்கள் மாதம் ஒருமுறை தம் ஊர் மையத்துக்குப் போகட்டும். அதிகாரம் செய்ய வேண்டாம். குற்றம் பிடிக்கவும் வேண்டாம். கூரை ஒழுகுகிறதா, குடிநீர் வருகிறதா, கழிப்பறைக்குக் கதவு உண்டா, பணியிடம் காலியாகக் கிடக்கிறதா என்று பார்த்துக் குறித்து, நகராட்சியிலும் ஊராட்சியிலும் கேட்கட்டும். தச்சுத்தொழில் தெரிந்த தோழர் மரத்துண்டை இழைத்துக் கட்டைகள் செய்து கொடுக்கட்டும். தையல் தெரிந்தவர் துணிப்பொம்மை தைத்துக் கொடுக்கட்டும்.

நான்காவது, அங்கன்வாடிப் பணியாளர்கள் வீதிக்கு வந்து போராடும் நாளில், "சோறாக்குகிறவர்களுக்கு என்ன போராட்டம்?" என்று கேட்பவன் நம் வரிசையில் இருக்கக் கூடாது.

பயிர் செய்யும் நமக்கு ஒன்று தெரியும். நாற்றங்கால் கெட்டுப்போனால் நடவு வயலில் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் விளைச்சல் வராது. கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவை நடவு வயல்கள். நாற்றங்கால் கூத்தாநல்லூர் ஓரத்திலே, ஓட்டுக் கட்டடத்திலே, பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நீர் பாய்ச்சுகிறவர் அந்த ஆசிரியை. நாளைக் காலை பிள்ளையை விடப் போகும்போது அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், தோழர்களே! அங்கிருந்து தொடங்குவோம்.